யோகம் ரீச்சரும் நான் எழுதிய பெட்டிசமும்

செய்தி வந்தபோது நான் தபாற்கந்தோரில் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். குத்தி என்ன பயன்? மூன்று நாளாகச் சோளகக் காற்று விடாமல் அடித்தது. படகு ஓடவில்லை. குத்திய கடிதங்கள் எல்லாம் சாக்குக்குள்ளேயே கிடந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து ரெலிபோனில் பேசியவர் யோகம் ரீச்சரின் தமக்கையார். "தம்பி, தங்கச்சி போயிட்டாள். விடிய ஆறு மணிக்கு," என்றார். "நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறம். அங்கையிருந்து ஆரும் வாறதெண்டால் வரச் சொல்லுங்கோ." நான் "ஓம் அக்கா, ஓம்" என்று மட்டும் சொன்னேன். காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற சத்தத்தில் அதுகூட அவருக்குக் கேட்டதோ தெரியாது.

மறுநாள் விடியவே இறங்குதுறையில் ஐம்பது பேருக்கு மேல் நின்றோம். ரீச்சரிடம் படித்து இப்போது மீசை வைத்திருக்கிற பொடியன்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த பெண்கள், செவ்வரத்தம்பூ மாலை கட்டிக்கொண்டு வந்த ஒரு தாய். படகோட்டி எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "அண்ணை, ஏலாது. காத்தைப் பாருங்கோ. உங்களையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும்." ஒருவன் தன் மீன்பிடி வள்ளத்தில் போகலாம் என்றான். அவனுடைய மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பத்து மணியாகும் வரை நின்றோம். பத்து மணிக்கு எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். பத்தொன்பது வருடம் எங்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்ட மனுசியை அனுப்பிவைக்க நெடுந்தீவிலிருந்து ஒரு ஈ காக்கைகூடப் போகவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு தமக்கையார் மறுபடி ரெலிபோன் எடுத்தார். கல்வெட்டுக்கு எழுதித் தரச் சொன்னார். வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்று பெயர். இந்தத் தீவில் முப்பது வருடமாகக் கல்வெட்டு எழுதுகிறவன் நான். பெட்டிசம் எழுதுகிறவனும் நான்தான். தண்ணீர் வரவில்லை, படகு போதாது, பக்கத்து வளவுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டான், எதுவானாலும் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுத என்னிடம்தான் வருவார்கள். எனக்குப் பின்னால் என்னைப் 'பெட்டிசம்' என்றே கூப்பிடுவதும் எனக்குத் தெரியும். செத்தவர்களைப் புகழுகிறதும் இருக்கிறவர்களைக் குற்றம் சொல்லுகிறதும் ஒரே பேனைதான்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன்பு, யோகம் ரீச்சர் சின்னப் பிள்ளைகளை வெளியே விதை பொறுக்கக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று பெட்டிசம் எழுதி, முன்பள்ளிப் படலைக்குப் பூட்டுப் போடவைத்தவன் நான். இதில் இரகசியம் ஒன்றுமில்லை, கையெழுத்து வைத்த உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, அந்தப் பெட்டிசத்தில் ஒரு பொய் இருந்தது. அதை எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். கல்வெட்டு என்று பெயர் வைத்திருக்கிற புத்தகத்தில் அதை மறைத்து ரீச்சரைப் புகழ எனக்கு ஏலாது. எழுதிப் பார்த்தேன், இரண்டு தரம் கிழித்துப் போட்டேன்.

ரீச்சர் நாரந்தனையில் பிறந்தவர். ஆறு மாதத்துக்கு என்று இங்கே வந்தார். வந்த புதிதில் அவரைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இல்லை. பிள்ளைகளுக்கு அ, ஆ படிப்பிக்காமல் கடற்கரையில் ஓடவிடுகிறார் என்றார்கள். நானும் ஒருநாள் சைக்கிளில் போகையில் கண்டேன். இராவணன் மீசை என்று ஒரு புல் எங்கள் மணலில் படர்ந்து கிடக்குமல்லவா, அதன் காய்ந்த முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டு போய்க்கொண்டிருந்தன. பதினைந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு அவற்றைத் துரத்தினார்கள். பதினாறாவதாக ரீச்சர், சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் சைக்கிளை நிறுத்தி, "உதென்ன ரீச்சர் கூத்து?" என்று கேட்டேன். மூச்சு வாங்க வாங்க, "விதை போற வழியில பின்னால போய்ப் பாக்கிறம் அண்ணை. அது எங்கை நிக்குதோ அங்கை முளைக்கும். நீங்களும் வாங்கோவன்," என்றார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது, அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெறும் நெருப்புப்பெட்டி. மேலே அந்தப் பிள்ளை கீறிய படம். வெளியே போகுமுன் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு சொல்லவேண்டும்: "கண்ணுக்கு ஓம், கைக்கு ஓம், பெட்டிக்கு ஓம். வாய்க்கு இல்லை, மூக்குக்கு இல்லை, காதுக்கு இல்லை." பச்சைக்காயில் கை வைக்கக்கூடாது. "காயைப் பிடுங்கினால் களவு, காய்ஞ்சதை எடுத்தால் விதை," என்பார். காய்ந்ததிலும் நாலு கண்டால் ஒன்றுதான் எடுக்கலாம். மற்ற மூன்றும் ஆருக்கு என்று கேட்பார். பிள்ளைகள் "குருவிக்கு! காத்துக்கு! மண்ணுக்கு!" என்று கத்துவார்கள். திரும்பி வந்ததும் பாயில் வட்டமாக இருந்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டவேண்டும். முடக்கொத்தான், ஆமணக்கு, அடம்பன், பூவரசு. ஒன்று குறைந்தாலும் ரீச்சர் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு விடமாட்டார். இதை நினைவில் வைத்திருங்கள்.

வேலியோரத்துக் கொடியானாலும் கேட்காமல் எடுக்கவும் விடமாட்டார். கற்களை அடுக்கிய எங்கள் வேலிகளுக்கு நடுவே பிள்ளைகள் வரிசையாக வந்து, ஒவ்வொரு படலையிலும் நின்று, "விதை எடுக்கட்டோ?" என்று கேட்பார்கள். துறையடியில் இருந்த ஒரு கிழவர், வாயைத் திறந்தால் வசவு மட்டும் வருகிறவர், ஒருநாள் வெளியே வந்து பார்த்தார். பிள்ளைகள் காட்டியது நாயுருவிச் செடியை. "அட, களையைக் கொண்டு போறதுக்கும் அனுமதியோ! எடுங்கோ ராசா, வேரோட எடுங்கோ!" என்றார். "வேரோட வேண்டாம், நாலுக்கு ஒண்டு தான்," என்று ஒரு பொடிச்சி அவரைத் திருத்தினாள். அந்தக் கிழவர் சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் சிரிப்பு வராத நாளும் ஒன்று இருந்தது. என் மகள் மதுரா நேர்சறிக்குப் போகத் தொடங்கி இரண்டாம் மாதம். வந்ததும் வராததுமாக, "அம்மா, இண்டைக்கு நாங்கள் குதிரைப் பீ பாத்தனாங்கள்," என்றாள். என் மனைவி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். வெளியே திரிகிற குதிரைகள் போட்ட எருவுக்குள் இலந்தை முளைத்திருந்ததாம். "குதிரையும் எங்களைப் போல விதை பொறுக்குது, ஆனா பெட்டி இல்லாதபடியால் வயித்துக்குள்ள வைக்குது" என்று ரீச்சர் சொன்னாராம். "உதுக்கோ பிள்ளையை அனுப்புறம்!" என்று மனைவி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? அன்று முழுவதும் மதுரா எங்கள் வளவுக்குள் எரு தேடித் திரிந்தாள்.

மதுரா எங்களுக்குக் கலியாணமாகிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு பிறந்தவள். கோயில் கோயிலாகப் போய்ப் பெற்ற பிள்ளை. அவள் தும்மினால் நான் இரண்டு தரம் எழும்பிப் பார்ப்பேன். இதைச் சாக்குப்போக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்ட அப்பன் என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது ஒரு மத்தியானம் மூக்கின் ஒரு பக்கத்தால் இரத்தமும் சளியும் வந்தது. மூச்சு விசில் போலக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விளக்குப் பிடித்துப் பார்த்த டொக்டர், "உள்ளுக்கு என்னவோ வீங்கிப் போய் இறுகியிருக்கு. நான் தொட்டால் இன்னும் உள்ளுக்குப் போயிடும். யாழ்ப்பாணம் கொண்டு போங்கோ," என்றார். பின்னேரப் படகு அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. அது தூரத்தில் போவது எங்களுக்குத் தெரிந்தது. வேறு படகுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு இறங்குதுறையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றரை மணித்தியாலம். நீங்கள் இந்தத் தீவில் வருத்தக்காரரோடு அந்தத் துறையில் இருந்திருந்தால் அந்த ஒன்றரை மணித்தியாலம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. கடலைப் பார்த்தால் கடல், திரும்பினால் ஊர். ஊர் முழுவதும் வந்து சுற்றி நின்றது. "முந்தநாள் தானே விதை பொறுக்கப் போனவை," என்று ஆரோ சொன்னார்கள். எனக்கு அது போதும். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

ரீச்சர் ஓடி வந்தார். கையில் மதுராவின் நெருப்புப்பெட்டி. "அண்ணை, பிள்ளை முந்தநாள் பொறுக்கினது ஏழு. ஏழும் இதுக்குள்ள இருக்கு, எண்ணிப் பாருங்கோ. இது வேற என்னவோ. என்னெண்டு பிள்ளையைக் கேட்டனீங்களோ?" என்று பெட்டியைத் திறந்து நீட்டினார். நான் அவருடைய கையைத் தட்டிவிட்டேன். ஏழு விதையும் சிதறிக் காற்றோடு கடலுக்குள் போயின. "உமக்கு இன்னும் விதைக் கதையோ? நீர் இஞ்சை நிக்கவேண்டாம், போம்!" என்று கத்தினேன். அதுவரை நான் அவரை நீங்கள் என்றே சொல்லி வந்தேன். ஒரு ரீச்சரைத் துறையில் வைத்து, ஊருக்கு முன்னால், நீர் என்றேன். அவர் போகவில்லை. நாங்கள் படகேறும் வரை கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். எடுத்ததைப் பஞ்சில் வைத்துப் பார்த்து, "ஐயா, இது கௌபி எல்லோ! வீட்டில அவிக்க வைச்சனீங்களோ?" என்று சிரித்தார். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு முதல்நாள் காலை அவள் குசினி வாசலில் இருந்து சுளகில் கௌபி போட்டுக் கல்லுப் பொறுக்கினாள். மதுரா பக்கத்தில் இருந்து அவளைப் போலவே பொறுக்கினாள். சிவப்புக் கௌபிப் பயறு. மூக்குக்குள் ஊறி, தோல் கழன்று, ஒரு பல்லைப் போல இருந்தது. நான் அந்தப் பஞ்சைச் சுருட்டிக் குப்பை வாளிக்குள் போட்டேன். வெளியே வந்ததும் மனைவி, "போனவுடன ரீச்சரிட்டைச் சொல்லிப்போட வேணும், பாவம்," என்றாள். "பாப்பம்," என்றேன்.

மூன்றாம் நாள் திரும்பினோம். துறையிலேயே நாலு பேர் காத்திருந்தார்கள். "அண்ணை, இதை இப்பிடியே விடேலாது. நாளைக்கு எங்கட பிள்ளையளுக்கும் நடக்கும். ஒரு பெட்டிசம் எழுதுங்கோ." அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்கவேண்டும். "இல்லையடாப்பா, அது எங்கட வீட்டுக் கௌபி" என்று ஒரு வார்த்தை. வரவில்லை. ஊருக்கு முன்னால் விதைகளைத் தட்டிவிட்டாயிற்று, நீர் என்றும் சொல்லியாயிற்று. அதை விழுங்குவதென்றால் அதே துறையில் அதே ஆட்களுக்கு முன்னால் விழுங்கவேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி இருந்தது, ஆத்திரமும் ஆறிவிட்டது. மிச்சமிருந்தது வெட்கம் ஒன்றுதான். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன்: எனக்குப் பயம். கௌபியோ விதையோ, என் பிள்ளை நாலு மதிலுக்குள் இருந்தால் எனக்கு நித்திரை வரும் என்று நினைத்தேன்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதுதான் என் தொழில். "பராமரிப்பற்ற பற்றைகளுக்குள் பச்சிளம் பாலகரை அலையவிட்டு, நச்சு விதைகளைக் கையாளச் செய்து, அதன் விளைவாக ஒரு பெண் குழந்தை உயிராபத்துக்கு உள்ளாகி" என்று ஒரு வசனம். 'அதன் விளைவாக' என்ற இரண்டு சொல்லில்தான் பொய் இருந்தது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று சொல்லி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். அடம்பன் கொடியின் விதை எப்படியிருக்கும் என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டிய ஒரே ஆளுக்கு எதிராக. மனைவி மட்டும் கையெழுத்து வைக்கவில்லை. பேனையை நீட்டினேன். "எனக்குக் கை நோகுது," என்று குசினிக்குள் போய்விட்டாள்.

இரண்டு கிழமையில் மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. பிள்ளைகளை எல்லைக்கு வெளியே கொண்டு போகக்கூடாது, பள்ளி நேரத்தில் படலை பூட்டியிருக்கவேண்டும், விதை, காய், கல் எதுவும் பிள்ளைகள் கையில் இருக்கக்கூடாது. கல்மதிலுக்கு மேலே கம்பிவலை அடித்தோம். முற்றத்தில் புல் முளைக்காமல் சீமெந்து போட்டோம். பிளாஸ்ரிக் சறுக்குமரம் ஒன்று வந்தது. அதற்கு நான் பெட்டிசம் எழுதித்தான் வாங்கினேன். தபாற்கந்தோருக்குப் போகும் வழியில் தினமும் பார்ப்பேன். பிள்ளைகள் கம்பிவலையில் விரல்களைக் கொளுவிக்கொண்டு கடற்கரையைப் பார்த்தபடி நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கதிரையில் ரீச்சர். அவர் கதிரையில் இருந்து நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

அடுத்த சோளகக் காலத்தில் ஒரு தாய் வந்து முறைப்பட்டாள், பிள்ளையின் சட்டைப் பையில் எருக்கலைப் பஞ்சு இருந்ததென்று. பெற்றோர் சங்கச் செயலாளன் என்ற முறையில் விசாரிக்கப் போனேன். முற்றத்தில் பிள்ளைகள் கைகளை விரித்து மேலே பார்த்தபடி நின்றார்கள். வெளியே வெடித்த எருக்கலைக் காய்களின் பஞ்சு, நுனியில் விதையோடு, மதிலுக்கு மேலால் பறந்து வந்தது. பிடித்த பிள்ளை விதையைப் பார்த்துவிட்டு ஊதி விட்டது. ரீச்சர் படலைக்கு உட்பக்கம் நின்று, நான் வெளிப்பக்கம் நின்று பேசினோம். "ரீச்சர், கட்டளை இருக்கெல்லோ," என்றேன். "ஓம் அண்ணை, இருக்கு. நாங்கள் வெளியில போகேல்லை. அது தான் உள்ளுக்கு வந்தது. காத்துக்கும் ஒரு பெட்டிசம் எழுதுங்கோவன்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்கு வருடத்தில் அவர் என்னை நோகடித்துச் சொன்னது இது ஒன்றுதான். அப்போதும் என்னை 'எழுதுங்கோ' என்றே சொன்னார்.

மூன்று மாதத்துக்கு முன்பு ரீச்சர் நோய் முற்றி, மருந்துக்காக யாழ்ப்பாணத்தில் தமக்கையிடம் போனார். ஒரு பையோடு துறைக்கு வந்தார். மெலிந்து போயிருந்தார். நான் தபாற்சாக்கை ஏற்றிக்கொண்டு நின்றேன். "அண்ணை, மதுராவைக் கொஞ்சம் வெளியில விடுங்கோ. அது பயமில்லாத பிள்ளை," என்றார். "ஓம் ஓம், நீங்கள் முதல்ல சுகமாகி வாங்கோ ரீச்சர்," என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். படகு மேல் பழி போடுகிறேன் பாருங்கள். அதற்கு முன் நான்கு வருடம் படகு ஒன்றும் குறுக்கே வரவில்லை.

செத்தவீட்டுக்குப் போக ஏலாமல் துறையிலிருந்து திரும்பிய அன்று, மதுரா வாசற்படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். இப்போது எட்டு வயது. "அப்பா, நீங்கள் ரீச்சரோட கோபம் தானே," என்றாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் என்ர மூக்குக்குள்ள போனது ரீச்சர் தந்த விதை எண்டு எல்லாரும் சொல்லினம்? நான் ரீச்சரிட்டை அப்பவே சொன்னனான், அது அம்மா சுளகில வைச்சிருந்த கௌபி எண்டு."

"எப்ப சொன்னனீ?"

"யாழ்ப்பாணத்தால வந்து நேர்சறிக்குப் போன முதல்நாள்."

"ரீச்சர் என்ன சொன்னவ?"

"கௌபியும் விதை தான், ஆனா மூக்கு மண்ணில்லையே எண்டவ. பிறகு..." மூக்கை உறிஞ்சினாள். "பிறகு, 'அப்பா நல்லாப் பயந்து போட்டார். உதைப் பற்றி அப்பாவைக் கேட்டு அவரை இன்னும் பயப்பிடுத்த வேண்டாம்' எண்டவ."

கட்டளை வருவதற்கு முன்பே, பெட்டிசத்தில் கையெழுத்துகள் காய்வதற்கு முன்பே ரீச்சருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூட்டு விழுந்திருக்காது. ஆனால் அதற்கு நாலு வயதுப் பிள்ளையை ஊருக்கு முன்னால் நிறுத்தி, அப்பன் பொய் சொல்கிறான் என்று சொல்லவைக்க வேண்டும். அவர் அதைச் செய்யவில்லை. கதிரையில் போய் இருந்துவிட்டார். நான் பூட்டியது பிள்ளைகளை என்று நினைத்திருந்தேன். அவருடைய வாயையும் என் பிள்ளையைக் கொண்டே பூட்டியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் சங்கத்தைக் கூட்டி எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன், திட்டினால் நல்லது என்று. ஒருவரும் திட்டவில்லை. கடைசியில் ஒரு தாய், "அது சரி அண்ணை, ரீச்சர் பாவம் தான். ஆனா கௌபியெண்டாலென்ன வேற விதையெண்டாலென்ன, பூட்டு இருக்கிறது நல்லது தானே," என்றாள். "நீங்கள் எழுதினதைத் தானே நம்பினனாங்கள். இப்ப நம்பவேண்டாம் எண்டுறியள். நாங்கள் எதை எடுக்கிறது?" என்று இன்னொருவர் கேட்டார். பதிலுக்கு வந்த புது ரீச்சர், இளம் பெண், "எனக்கு ஓடர் இல்லாமல் திறக்க ஏலாது ஐயா," என்று தலையைக் குனிந்துகொண்டாள். கட்டளையை மாற்றச் சொல்லி மறுபடி பெட்டிசம் எழுதினேன். அதில் என் கையெழுத்தும் மனைவியின் கையெழுத்தும் மட்டும் இருக்கின்றன. இம்முறை அவளுக்குக் கை நோகவில்லை. மற்றவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அவர்களைப் பிழை சொல்ல எனக்கு வாயில்லை, பயப்படப் பழக்கியவன் நான்தானே. இதை எழுதுகிற இன்றைக்கும் படலை பூட்டித்தான் இருக்கிறது.

இந்தப் பக்கங்களைத் தமக்கையாருக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டினேன். கல்வெட்டில் போடுவதா விடுவதா என்பது அவருடைய விருப்பம் என்றேன். "ஒரு சொல்லும் வெட்டாதேயுங்கோ தம்பி," என்றார். "கடைசி நாளையிலயும் யன்னலைத் திறந்து விடச் சொல்லித் தான் கேட்டுக்கொண்டிருந்தவள்."

கல்வெட்டின் முடிவில் செத்தவரின் நல்ல குணங்களை அடுக்கி, அவை எங்களிடம் வாழ்கின்றன என்று எழுதுவது வழக்கம். நானே நூறு தரம் எழுதியிருக்கிறேன். யோகம் ரீச்சரின் குணம் ஒன்றும் என்னிடம் வாழவில்லை. அவரால் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, நான்கு வருடமாக அவர் கட்டிக் காத்துத் தந்த என் மானம். அது எனக்கு வேண்டாம். இந்தக் கல்வெட்டைக் கையில் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் சாட்சியாக இருங்கள்: என் மகளின் மூக்கிலிருந்து எடுத்தது எங்கள் வீட்டுக் கௌபி. ரீச்சரோடு போய் அவள் பொறுக்கிய ஏழு விதையும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கடலில் கொட்டியவன் நான்.